நான் உட்கார்ந்த இடத்தில் காற்று இல்லை

‘இடவம், மூன்றாவது சனிக்கிழமை. வேளி. காலை 6.35: இரண்டாம் எண் படகு இறங்கியது. சாரல். காற்று இல்லை. 6.50: ஆகாயத்தாமரை மேற்கே நகர்கிறது. 7.20: படகு கரை சேர்ந்தது.’

என் நோட்டில் அந்த நாளுக்கான குறிப்பு இவ்வளவுதான். கறுப்பு மையில் எழுதியது. மாதத்தின் பெயரை மலையாளத்தில் எழுதுவது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எங்கள் வீட்டுக் காலண்டரில் அது வைகாசி. ‘காற்று இல்லை’ என்பதற்கு மேலே, வரிகளுக்கு நடுவில், மறுநாள் தேதி போட்டு நீல மையில் மூன்று சொற்கள் சேர்த்திருக்கிறேன்: ‘நான் உட்கார்ந்த இடத்தில்.’

எழுதியதை நான் திருத்துவது அபூர்வம். அந்த மூன்று சொற்கள் வந்த கதையை, நினைவு கலங்குவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

ஆரியசாலையில் நோட்டுப் புத்தகங்களுக்கான மொத்தக் கடை என்னுடையது. ஒரு நாள் ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஒருவர் வந்து, தண்ணீர் பட்டாலும் ஊறாத அட்டை போட்ட நோட்டு இருபது வேண்டும் என்றார். கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் வளர்ந்தவர். எதற்கு என்று கேட்டேன். கையில் வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பாய்ப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு சிறிய அறக்கட்டளை வைத்திருப்பதாகவும், அவர்கள் தண்ணீரில் இருந்த நேரத்தை எழுதி வைப்பதற்கு என்றும் சொன்னார்.

“அவங்களே எழுதினா யாரு சரி பாக்குறது?” என்று கேட்டேன்.

மருத்துவர் கண்ணாடியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். “நீங்க சனிக்கிழமை கார்த்தால என்ன பண்றேள்?” என்றார்.

அப்படித்தான் வேளிக் காயல் கரையில் போய் உட்கார்ந்தேன்.

ஏதோ ஒரு கிளப் கழித்துவிட்ட நான்கு படகுகள் இருந்தன. ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடியவை. ஒரு பாய், ஒரு சுக்கான், அவசரத்துக்கு ஒரு குட்டைத் துடுப்பு. பிள்ளைகளின் பஸ் கட்டணமும் மிதவைச் சட்டையும், ஓட்டி முடித்தபின் புட்டும் பயறும் அறக்கட்டளையின் பொறுப்பு. பயிற்சி கொடுத்தவள் சங்குமுகம் பக்கத்துக் கடற்கரைப் பெண், முப்பது வயதிருக்கும். எல்லோரையும் அதட்டுவாள், என்னையும் சேர்த்து. பிள்ளைகள் எட்டுப் பேர். கடற்கரைக் குடும்பத்துப் பையன்கள் முதலில் பாயைப் பார்த்துச் சிரித்தார்கள். “எஞ்சின் உள்ளப்போ இது எந்தினு சேச்சி?” என்று ஒருவன் கேட்டான், எஞ்சின் இருக்கப் பாய் எதற்கு என்று. “எஞ்சினுக்கு டீசல் உன் அச்சன் தருமா?” என்றாள் அவள். அதோடு சிரிப்பு நின்றது.

வேளிக் காயலுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மணல் திட்டு மட்டுமே. பொழி என்பார்கள். வருடத்தில் பெரும்பாலும் அது மூடிக் கிடக்கும். திட்டுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் காயல் அசையாமல் படுத்திருக்கும். விடியலில் அங்கே உட்கார்ந்தால் இரண்டு வெவ்வேறு நாட்களின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இடவப்பாதி மழையில் காயல் நிரம்பிக் கரையோர வீடுகளுக்குள் ஏறத் தொடங்கும்போது, ஜேசிபி வந்து பொழியை வெட்டிவிடும். தண்ணீர் கடலுக்கு வடிந்துபோய்ச் சேறு தெரியும். அன்றோடு எங்கள் பருவம் முடிந்தது. படகுகளைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். அந்த நாள் எது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

அதற்குள் நாற்பது மணி நேரம் பாயில் ஓட்டி முடித்தவர்களை அறக்கட்டளை கடற்பயிற்சி முகாமுக்கு அனுப்பும். வடக்கே ஒரு துறைமுக ஊரில் பத்து நாள். அதில் தேறினால் படகுத் துறைகளில் உதவிப் பயிற்சியாளராகச் சேரலாம்.

காற்றில்லாத நேரத்தைச் சேர்க்கக் கூடாது என்ற விதி என்னுடையது. முதல் கூட்டத்திலேயே சொன்னேன். படகில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருந்தால் நாற்பது மணி நேரம் தானாக ஆகிவிடுமே என்று கேட்டேன்.

“காற்று இல்லாத்தப்போதான் அண்ணாச்சி இவங்க படிக்கிறது,” என்றாள் பயிற்சியாளர்.

“வராத சரக்கை நான் ரெஜிஸ்டர்ல ஏத்துறதில்லம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். விதி நிலைத்துவிட்டது.

எட்டுப் பேரில் ஒருத்தி பொன்முடித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவள். பத்தொன்பது வயது. அப்பா அம்மா இருவருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. இவள் கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் விடுதியில், கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பெண்களின் படுக்கை விரிப்புகளை மாற்றுவது, சலவைக்குப் போட்டு எண்ணி வாங்குவது என்று இருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணி வரை அவளுக்கு ஓய்வு. முதல் நாள் நோட்டில் ஊர்ப் பெயர் எழுதும்போது, மலைக்காரிக்குப் படகில் என்ன ஆசை என்று கேட்டேன்.

“மானம் தெளிஞ்சு கெடந்தா எங்க லயத்து மேல பாறையில நின்னு பாத்தா கடல் தெரியும் அண்ணாச்சி. ஒரு கோடு மாதிரி. சின்னதுல அத நான் வானத்தோட விளிம்புன்னு நெனச்சிருந்தேன். விளிம்புல போய் நிக்கணும்னு ஒரு இது.”

“நின்னாச்சா?”

“எங்க. இது காயல் அல்லே,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போது எல்லாம் ஒரே நீண்ட காலையாகத் தெரிகிறது. நோட்டைத் திறந்தால்தான் தனித்தனியாகப் பிரிகின்றன. நான்கு பாய்களும் தூங்கும் கொக்குகளைப் போலத் தண்ணீரில் நிற்கும். நீர்க்காகம் ஒன்று கம்பத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். காற்று வருமுன் தூரத்தில் தண்ணீர் ஒரு பட்டையாகக் கருக்கும். அது நகர்ந்து வந்து முதல் பாயைத் தொடும். பிறகு அடுத்த பாய். துணி படபடத்து, நிறைந்து, சத்தம் அடங்கும். அந்தச் சத்தம் அடங்கும் கணத்தில் மணியைப் பார்த்து எழுதுவேன். காற்று விட்டதும் மறுபடி எழுதுவேன். நடுவில் இருந்த நேரம்தான் கணக்கு.

தோட்டத்துப் பெண் காற்று வருவதை மற்றவர்களுக்கு முன்பே அறிந்துவிடுவாள். கடற்கரைப் பையன்களுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல். எப்படி என்று ஒருவன் கேட்டதற்கு, “மஞ்சு நகர்றதுக்கு முன்ன கன்னத்துல தெரியும்டா. எங்க ஊர்ல அது தெரியலேன்னா ரோடு காணாது,” என்றாள்.

அந்த இடவத்தில் வாரம் முழுக்க மழை. மூன்றாவது சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் படகுத்துறைப் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பொழியை இன்று வெட்டுவார்கள், இல்லாவிட்டால் நாளை என்று பேச்சு. மற்ற ஏழு பேரில் ஐந்து பேர் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். இருவர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். இவள் மட்டும் முப்பத்தொன்பது மணி இருபது நிமிடத்தில் நின்றாள். இன்னும் நாற்பது நிமிடம். திங்கட்கிழமை முகாமுக்குப் பெயர்ப் பட்டியல் போக வேண்டும். விடுதி மேலாளரிடம் பத்து நாள் விடுப்புக்காக, ஓணத்து நாட்கள் முழுவதும் தன் வேலையோடு மற்ற இருவர் வேலையையும் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். இந்த ஒரு தடவைதான், அடுத்த வருடம் கேட்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவள்தான் சொல்லியிருந்தாள், கேட்பதுபோல அல்ல, செய்தியாக.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. நோட்டு நனையாமலிருக்க வழக்கம்போலப் படகுக் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். மடியில் வைத்து எழுதப் பலகை இல்லாததால், கையில் கிடைத்த துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

அவள் படகைத் தள்ளி ஏறியபின் திரும்பிப் பார்த்தாள். “அண்ணாச்சி, துடுப்பு.”

நான் மணியை எழுதிக்கொண்டிருந்தேன். “ஒரு நிமிஷம் இரும்மா.”

“சாரமில்ல. அது அங்கயே இருந்து எழுதட்டும்,” என்று சொல்லிப் போய்விட்டாள்.

பாய் நனைந்த துணியாகத் தொங்கியது. ஆனாலும் படகு போனது. மெதுவாக, யாரோ தூக்கத்தில் நடப்பதைப் போல, மேற்கே பொழிப் பக்கம். சாரல் அதை முதலில் சாம்பல் நிறமாக்கியது. பிறகு பாய் மட்டும் தெரிந்தது. பிறகு பாய் இருந்த இடம் மட்டும் இருந்தது. நான் பக்கத்தைப் பார்த்தேன். தாளின் முனை அசையவில்லை. ‘காற்று இல்லை’ என்று எழுதினேன். சற்று நேரம் கழித்துத் தண்ணீரில் ஆகாயத்தாமரைக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மேற்கே நகர்வதைக் கண்டு, அதையும் எழுதினேன். கடல் இரைச்சல் அன்று அருகில் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை என்றுதான் எழுதத் தோன்றுகிறது. ஆனால் நோட்டு இருக்கிறது, முப்பது நிமிடம்.

பிறகு சாரலுக்குள்ளிருந்து அந்தப் பாய் மறுபடி உண்டாகி வந்தது. ஆகாயத்தாமரை போகும் திசைக்கு எதிரே வந்தது.

அவள் கரையேறி, தலையிலிருந்து நீரை வழித்துவிட்டு, நேராக என்னிடம் வந்தாள். “நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சா அண்ணாச்சி?”

“ஆச்சு. ஆனா காத்து இல்லையேம்மா.”

அவள் என் நோட்டைப் பார்த்தாள். “இருந்துச்சு. கொறச்சுதான். போறப்போ தண்ணி இழுத்துச்சு, அது எனக்கும் தெரியும். பொழி வெட்டிட்டாங்கன்னுதான் நெனச்சேன், பேடிச்சுப் போச்சு. ஆனா திரும்பி வர்றப்போ பெடலிலதான் காத்து. பாயில பிடிச்சேன்.”

பயிற்சியாளர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். “அண்ணாச்சி, துடுப்பு உங்க மடியில. பின்னே இவ எங்ஙன வந்தா? நீந்தி படகை வலிச்சோ?”

“கையால துழாவி இருக்கலாம். சுக்கான ஆட்டி இருக்கலாம்.” சொல்லும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அந்தப் பெண் மிதவைச் சட்டையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். “இல்லேன்னு எழுதியாச்சுன்னா இல்லேன்னே இருக்கட்டும். எனக்காக மாத்த வேண்டாம். பின்ன எல்லாரோட மணியும் பொய்யின்னு ஆயிரும்.”

புட்டு வாங்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு அவள் விடுதியில் இருக்க வேண்டும்.

“புஸ்தகம் நனையலியல்லோ?” என்றாள் பயிற்சியாளர். “அது மதி.” அது போதுமாம்.

மத்தியானத்துக்குள் பொழி திறந்துவிட்ட செய்தி கடைக்கு வந்தது. பருவம் முடிந்தது.

அன்று கடையில் நான் எழுதிய பில்கள் இரண்டில் தேதி தப்பு. அது எனக்கு நடப்பதில்லை. அவள் சொன்ன ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பெடலி என்றால் பிடரி. காற்று அவள் பிடரியில் பட்டிருந்தால் அது மேற்கிலிருந்து, கடலிலிருந்து வந்த காற்று. நான் மேற்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தில் அது அடித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி மறுபடி வேளிக்குப் போனேன். காயல் வடிந்து பாதி சேறாகக் கிடந்தது. கொக்குகள் நேற்றுப் படகு போன வழியில் நடந்துகொண்டிருந்தன. ஸ்டூலை எடுத்து அதே இடத்தில், அதே நான்கு குழிகளில் கால்கள் பதியும்படி போட்டு உட்கார்ந்தேன். நோட்டை மடியில் திறந்தேன். தாள் அசையவில்லை. அசையவே இல்லை. தலையை நிமிர்த்தியபோது படகுத்துறையின் முனையில், பயிற்சியாளர் கம்பத்தில் மறந்துவிட்டுப் போன சிவப்புத் துவர்த்து, தலை துவட்டும் துண்டு, கிழக்கே நீண்டு படபடத்துக்கொண்டிருந்தது.

எழுந்து நான்கு எட்டு வைத்தேன். கொட்டகைச் சுவரைத் தாண்டிய இடத்தில் காற்று என் சட்டையைப் பிடித்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தேன். காற்று இல்லை. மறுபடி எழுந்தேன். இருந்தது. இப்படி எத்தனை தடவை செய்தேன் என்று குறித்துக்கொள்ளவில்லை. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் நின்று என்னைப் பார்த்துவிட்டு, “எந்தெங்கிலும் போயோ?” என்று கேட்டார். ஏதாவது தொலைந்துபோனதா என்று. இல்லை என்றேன்.

சுவர் கொட்டகைக்கு மேற்கே கொஞ்சம் நீண்டு, ஸ்டூலை வளைத்துக்கொண்டு நிற்கிறது. நான் பார்ப்பதற்கு இடம் விட்டு, காற்றுக்கு மட்டும் இடம் விடாமல். மழைக்காலையிலெல்லாம் நோட்டு நனையக் கூடாதென்று நான் தேடித் தேடி உட்கார்ந்தது அந்த ஒரே மூலையில்தான். தாள் படபடக்காத இடம் என்று அதை விரும்பவும் செய்தேன். அங்கிருந்துதான் அந்தப் பருவத்து மழைநாட்களிலெல்லாம் காற்றைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அங்கேயே நீல மைப் பேனாவால் அந்த மூன்று சொற்களைச் சேர்த்தேன். காற்று இருந்தது என்று எழுதவில்லை. அதை நான் பார்க்கவில்லை. பிறகு பஸ் பிடித்துக் கோட்டைக்குள் போய், மருத்துவரிடம் நோட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். மழைநாட்களில் நான் ‘காற்று இல்லை’ என்று தள்ளிய எந்த நேரத்தையும் நம்ப வேண்டாம், யாருடையதானாலும், என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தேன்.

மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்து நீல எழுத்தைப் படித்தார். “எனக்கு ஒரு சம்சயம். அந்தக் குட்டி உங்ககிட்ட வந்து அழுதாளோ?”

“இல்ல. மாத்தாதீங்கன்னு சொன்னா.”

“அப்போ அவ நேரத்தைச் சேர்க்கலாம்,” என்றார். “நாற்பது வருஷம் கண் பார்த்திருக்கேன். எனக்கு இங்கேர்ந்து தெரியலைன்னு சொல்லிண்டு வந்தவா ரொம்பக் கொறைச்சல். எல்லாரும் எழுத்துதான் சின்னதா இருக்குன்னு சொல்லுவா.”

அவளுக்கு நானே போன் செய்தேன். பின்னணியில் சலவை இயந்திரம் சுற்றும் சத்தம். நடந்ததை முழுதும் சொன்னேன், சுவர், துவர்த்து, நான்கு எட்டு எல்லாம். கேட்டு முடித்து, “அப்போ அண்ணாச்சி இத்தன நாளும் வீட்டுக்குள்ள இருந்து மழை பெய்யலன்னு எழுதிட்டு இருந்தீங்க,” என்றாள். நான் ஆமாம் என்றேன். இயந்திரம் நிற்கும்வரை சிரித்தாள். அப்புறம் குரல் கொஞ்சம் மாறி, விரிப்பு எண்ண வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

முகாமின் நான்காவது நாள் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேச்சுக்கு முன் நெடுநேரம் வெறும் காற்று. பிறகு, “கேக்குதா அண்ணாச்சி? இங்க நிறுத்தமே இல்ல. எழுதறதுக்கு ஒண்ணும் இல்லாத ஊரு,” என்றாள். கரை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பதில் மாலையில் வந்தது. “கரை ஒரு கோடு மாதிரி தெரியுது. இப்போ அதுதான் விளிம்பு.” அந்தச் செய்தியைக் கடையில் பலமுறை கேட்டேன். வெளியே ஆரியசாலையில் லாரிகள் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தன.

இப்போது கொட்டகைக்கு வெளியே, படகுத்துறை முனையில் உட்காருகிறேன். மழைநாளில் எழுதிய பக்கங்களில் மை பரவியிருக்கிறது. சில நிமிடங்களைப் படிக்க முடிவதில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. அன்று பொழி எத்தனை மணிக்கு வெட்டப்பட்டது? கரையிலிருக்கும் சாயாக்கடைக்காரர், ஜேசிபி ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கிவிட்டது என்கிறார். வலைக்காரர் எட்டு மணிக்கு முன்பு அந்தப் பக்கம் ஒரு வண்டியும் வரவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். ஆறு மணி என்றால், போகும்போது அவளை ஆகாயத்தாமரையோடு நீர் கொண்டுபோயிருக்கிறது, திரும்பும் வழியை மட்டும்தான் அவள் ஓட்டியிருக்கிறாள், நாற்பது நிமிடம் தேறாது; எட்டு மணி என்றால், கடற்காற்றுக்கு எதிரே ஆகாயத்தாமரை எப்படி மேற்கே போனது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. நேரம் குறித்த பதிவு எங்காவது இருக்கக்கூடும். நான் அதை இதுவரை பார்க்கவில்லை. ஆகவே, அந்த நேரம் உறுதி செய்யப்படாதது.